ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துபோகும் விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

மல்லாவியைச் சேர்ந்த, இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கும் கேள்வி இது: "என் தம்பி கைபேசியில் துவக்குச் சண்டை விளையாடுகிறான். அதில் கூட்டாளிகள் இருக்கிறார்கள், போட்டி இருக்கிறது, வெல்வதும் தோற்பதும் இருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் என் அறைத்தோழி காசு கொடுத்து வாங்கிய ஒரு புதிர் விளையாட்டு ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. எதிரி இல்லை, புள்ளி இல்லை, பேச்சுக்கூட இல்லை. முடித்த பிறகு அவள் அதைப் பற்றியே இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தாள். இந்தச் சின்ன விளையாட்டுகளில் அப்படி என்ன இருக்கிறது?"

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். இந்த வகை விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாகத் தேடித்தேடி விளையாடி வருகிறேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல அனுமதியுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால் என் பதில் இதுதான்: அவை ஓர் இடத்தை உற்றுப் பார்க்க வைக்கின்றன. நாளெல்லாம் எத்தனையோ படங்களைக் கைபேசியில் தள்ளிக்கொண்டே போகிறோம், எதையும் பார்ப்பதில்லை. புதிர் குறுக்கே நின்றால் பார்க்காமல் நகர முடியாது. அப்படிப் பார்க்கிற நேரத்தில் ஒளியும் ஒலியும் நிறமும் மெல்ல உள்ளே இறங்குகின்றன. விளையாட்டு முடிந்த பிறகு நினைவில் நிற்பது புதிரின் விடை அன்று, அந்த இடம்.

வன்னியில் குப்பி விளக்கு எரிந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மின்சாரம் இல்லாத இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது அம்மம்மாமார் நொடி போடுவார்கள். "அப்பா காசை எண்ண முடியாது, அம்மா சேலையை மடிக்க முடியாது, அது என்ன?" விடை நட்சத்திரமும் வானமும். தலைக்கு மேல் அத்தனை நேரமும் விரிந்து கிடந்ததுதான் விடை. தெரிந்த கணத்தில் அது வேறு வானமாகிவிடும். நல்ல புதிர் விளையாட்டு செய்வதும் இதையே. விடையைப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒளித்து வைப்பதில்லை. நம் கண் முன்னே வைத்துவிட்டு, நம் பார்வை மாறும் வரை காத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: நொடி இரண்டு அடிதான். அதை இருநூறு அடிக்கு இழுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

உங்கள் தோழி விளையாடியது எது என்று நீங்கள் சொல்லவில்லை. நீளத்தைப் பார்த்தால் 'மொனுமென்ட் வேலி'யாக இருக்கலாம். லண்டனில் உள்ள அஸ்டூ நிறுவனம் 2014இல் வெளியிட்டது. கென் வோங் அதன் முதன்மை வடிவமைப்பாளர். இடா என்ற வெள்ளை உடைச் சிறுமியை விசித்திரமான கோபுரங்களின் ஊடாக நடத்திச் செல்ல வேண்டும். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகை விளையாட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியாது.

கோபுரங்கள் வரையப்பட்ட விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஏ9 வீதியின் நடுவில் நின்று மாங்குளம் பக்கம் பார்த்தால் வீதியின் இரு கரைகளும் தொலைவில் ஒன்றை ஒன்று நெருங்குவது தெரியும். தூரம் போகப் போகப் பொருள்கள் சிறுக்கும். அதை வைத்துத்தான் கண் தூரத்தை அளக்கிறது. மொனுமென்ட் வேலியில் எதுவும் சிறுப்பதில்லை. பொறியியல் மாணவர்கள் ஐசோமெட்ரிக் வரைபு என்று படிப்பார்களே, அந்த முறையில் வரைந்திருக்கிறார்கள். கிட்ட உள்ள தூணும் எட்ட உள்ள தூணும் ஒரே பருமன். அதனால் எது முன்னால், எது பின்னால், எது மேலே என்று கண்ணால் தீர்மானிக்க முடியாமல் போகிறது. ஒரு கோபுரத்தைத் திருப்பும்போது, உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு படிகள் திரையில் ஒட்டிக்கொண்டு தெரியும். ஒட்டித் தெரிந்தால் ஒட்டியதுதான் என்பது அந்த உலகத்தின் விதி. இடா தயங்காமல் நடந்து போய்விடுவாள்.

இந்தக் கண்கட்டு புதிதன்று. சுவீடன் ஓவியர் ஒஸ்கார் ரொய்டர்ஸ்வார்ட் 1934இல், கட்டிப் பார்க்க முடியாத ஒரு முக்கோணத்தை வரைந்தார். பென்ரோஸ் தந்தையும் மகனும் 1958இல் அதேபோன்ற முக்கோணத்தை ஓர் ஆய்வுக் குறிப்பில் வெளியிட்டார்கள். அவர்களிடமிருந்து எடுத்து டச்சு ஓவியர் எஷர், முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் மாடிப்படியை 1960இலும், கீழிருந்து மேலே ஓடி மறுபடி விழும் நீர்வீழ்ச்சியை 1961இலும் வரைந்தார். எஷரின் படத்தைச் சுவரில் மாட்டிப் பார்க்கலாம். அதற்குள் காலெடுத்து வைக்க முடியாது. 2014இல் கைபேசித் திரையில் அது முடிந்தது. இடா போக முடியாத இடத்துக்கு முதல் தடவை நடந்துபோகும்போது உடம்பில் ஏற்படும் சிறு சிலிர்ப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சக்கரத்தைத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு அசைவும் ஒரு சுரமாக ஒலிக்கும். புதிரை அவிழ்ப்பதும் வாத்தியம் வாசிப்பதும் அங்கே ஒரே செயலாகிவிடுகின்றன.

மொத்தம் பத்து அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஒரு புது வித்தையைக் காட்டிவிட்டு, நாம் அதில் சலிப்பதற்கு முன்னரே அதைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இங்கேதான் நீளம் பற்றிய கேள்வி வருகிறது. அதே 2014இன் பிற்பகுதியில் மேலும் சில அத்தியாயங்களைச் சேர்த்துத் தனி விலைக்கு விற்றபோது, அதற்கும் காசா என்று கோபித்துப் பலர் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு கொடுத்தார்கள். நம்மிடமும் "இவ்வளவு காசுக்கு ஒன்றரை மணித்தியாலம்தானா?" என்று கேட்பவர்கள் உண்டு. ரூபாவை எண்ணிச் செலவு செய்கிற பிள்ளைகள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கு இதற்குப் பொருந்தாத அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். சண்டை விளையாட்டில் ஒரே செயலை ஆயிரம் தடவை செய்யலாம். எதிரே இருக்கும் ஆள் மாறுவதால் அது ஒவ்வொரு தடவையும் வேறாகும். புதிர் அப்படி இல்லை. புரிந்த கணத்தில் அது செத்துவிடுகிறது. அதே புதிரை எண்ணிக்கை மட்டும் கூட்டித் திரும்பத் தந்தால் அது வேலை, விளையாட்டு அன்று. ஆகவே ஒரு புதிர் விளையாட்டின் நேர்மையான நீளம் என்பது அதனிடம் உள்ள யோசனைகளின் எண்ணிக்கையே. வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'போர்ட்டல்' இதற்குச் சிறந்த சாட்சி. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் செய்த ஒரு சிறு விளையாட்டைப் பார்த்து, அந்த மாணவர்களையே வேலைக்கு எடுத்து உருவாக்கியது அது. சுவரில் இரண்டு துளைகள். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம். விழுகிற வேகம் துளையைக் கடந்தும் மாறாது. இவ்வளவுதான். பத்தொன்பது சோதனை அறைகளில் அந்த ஒற்றை யோசனையைச் சாறு வற்றும் வரை பிழிந்துவிட்டு, கடைசியில் அறைகளுக்கு வெளியேயும் நம்மை அலையவிட்டு முடித்தார்கள். மூன்று நான்கு மணித்தியாலம். இன்று வரை அதைப் பேசுகிறோம்.

முடிவே இல்லாத இலவச விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றின் வருமானம் நாம் திரும்பத் திரும்ப வருவதில் தங்கியிருக்கிறது. தினமும் திறந்தால் பரிசு, பருவத்துக்கு ஒரு புதுச் சட்டை, அதிர்ஷ்டப் பெட்டி எல்லாம் அதற்காகவே. ஒரே தடவை காசு வாங்கிக்கொண்ட சிறு விளையாட்டுக்கு நம்மைப் பிடித்து வைக்கும் தேவை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நம் நேரத்தை நம்மிடமே தந்துவிடுகிறது. உங்கள் தம்பியைப் போன்ற பதின்ம வயதினருக்கு, ஒரு விளையாட்டு தானாகவே முடிவுக்கு வரும் அனுபவம் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி, சூழல். டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010இல் வெளியிட்ட 'லிம்போ' கறுப்பு வெள்ளையில் மட்டும் ஆனது. காட்டில் ஒரு சிறுவன் கண் விழிக்கிறான். தன் சகோதரியைத் தேடி நடக்கிறான். உருவங்கள் எல்லாம் நிழல்கள். சிறுவனின் கண்கள் மட்டும் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒலியமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், இசை என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி காற்றையும் இரைச்சலையும் தூரத்து அதிர்வையும் குழைத்திருக்கிறார். அதே நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு விளையாட்டான 'இன்சைட்'டுக்காக அவர் உண்மையான மனித மண்டையோடு ஒன்றின் வழியே ஒலியைச் செலுத்திப் பதிவு செய்தார். நம் குரல் நம் எலும்பின் ஊடாக நமக்கே கேட்பது போன்ற ஓர் உள்ளொலி அதில் கிடைக்கிறது. திரையில் பாதி இருட்டு, காதில் இந்த ஒலி. அறிவுரை சொல்லவோ பயமுறுத்தவோ யாரும் இல்லை, ஆனாலும் முதுகு நிமிர்ந்துவிடும்.

ஆனால் லிம்போவை இங்கே எல்லோருக்கும் கொடுக்கமாட்டேன். அதில் புல்லுக்குள் பொறி இருக்கிறது. கால் வைத்தால் சிறுவன் துண்டாகிப் போவான்; செத்துச் செத்துத்தான் வழி கற்க வேண்டும். வேறு நாட்டில் இருந்து விளையாடுகிறவருக்கு அது ஒரு வடிவமைப்பு உத்தி. 2009க்குப் பிறகு மீள்குடியேறி, மண்டையோடு போட்ட செம்பலகைகளுக்கு ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு அது அப்படி மட்டும் இருக்காது. முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். தரையைப் பார்த்து நடக்கப் பழகிய ஒரு தலைமுறை நம் நடுவே இருக்கிறது. விளையாட்டின் தரத்தில் எனக்கு ஐயம் இல்லை. அது ஒரு மேன்மையான படைப்பு. வயதையும் வீட்டையும் அறிந்து கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே என் கருத்து. பயமில்லாமல் உற்றுப் பார்க்கும் இன்பத்தைத் தரும் விளையாட்டுகள் வேண்டியமட்டும் இருக்கின்றன. முதலில் அவற்றைக் கொடுங்கள்.

செக் நாட்டின் அமானிட்டா டிசைன் 2009இல் வெளியிட்ட 'மஷினேரியம்' அப்படி ஒன்று. துருப்பிடித்த நகரம் ஒன்றுக்குள், குப்பையோடு குப்பையாக எறியப்பட்ட ஒரு குட்டி ரோபோ திரும்பி வருகிறது. ஒவ்வொரு காட்சியும் கையால் வரைந்த படம். உரையாடல் இல்லை, பாத்திரங்களின் தலைக்கு மேல் எழும் குமிழ்களில் சிறு கோட்டோவியங்கள் கதை சொல்லும். இதில் நம்மவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. உலகச் சந்தைக்கு வரும் பெரிய விளையாட்டுகளில் தமிழ் கிட்டத்தட்ட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில உரையாடல் ஓடும். என் மாணவர்கள் பலர் அதை வாசிக்காமல் தட்டித் தட்டித் தாண்டிவிடுவார்கள், கதை பாதியில் நழுவிவிடும். சொல்லே இல்லாத விளையாட்டின் முன் கிளிநொச்சிப் பிள்ளையும் லண்டன் பிள்ளையும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள்.

சொல்லில்லாத விளையாட்டுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'கோரோகோவா'. ஜேசன் ராபர்ட்ஸ் என்பவர் பல ஆண்டுகள் தன் கையால் வரைந்து, 2017 டிசெம்பரில் வெளியிட்டார். திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கட்டத்துக்கு ஒரு படம். படத்துக்குள் நெருங்கிப் போகலாம், விலகி வரலாம், கட்டங்களை இடம் மாற்றலாம். சில படங்களில் கதவு நிலையையோ சன்னல் சட்டத்தையோ மட்டும் தனியே கழற்றி எடுத்து இன்னொரு படத்தின் மேல் வைக்கலாம். சரியாகப் பொருந்தினால், மேல் கட்டத்து மரத்தில் இருந்து விழும் பழம் கீழ்க் கட்டத்துக் கிண்ணத்தில் வந்து சேரும். ஒரு படத்தில் கதவைத் திறந்து நடக்கும் சிறுவன் அடுத்த படத்தில் வேறொரு காலத்தின் தெருவில் இறங்குவான்.

நகரத்தின் கூரைகளுக்கு மேலே பல வண்ண விலங்கு ஒன்று நகர்வதை அந்தச் சிறுவன் காண்கிறான். அதற்குப் படைக்க ஐந்து பழங்களைச் சேர்க்கப் புறப்படுகிறான். அவனுடைய வாழ்நாளின் ஊடே நகரம் குண்டு விழுந்து இடிகிறது, மறுபடி எழுகிறது. எந்த நாடு, எந்தப் போர் என்று சொல்லப்படுவதில்லை. அவன் வளர்கிறான், முதுமை அடைகிறான், தேடியதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறான். ஒரு கட்டத்தில் இளமை, பக்கத்துக் கட்டத்தில் இடிபாடு. இரண்டையும் பொருத்தினால்தான் வழி திறக்கும்.

இதை விளங்கப்படுத்த நமக்கு ஆள் தேவையில்லை. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கியைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள் நாம். அத்திவாரம் மட்டும் மிஞ்சிய பழைய வீடு, அதன் பக்கத்தில் மீள்குடியேறிய புதிதில் போட்ட தகரக் கொட்டில், அதற்கு முன்னால் இந்திய வீட்டுத் திட்டத்தில் எழுப்பிய வீடு, மூன்றும் ஒன்றாக நிற்கும் வளவுகள் இன்னும் உண்டு. பெரியவர்கள் நடந்து காட்டுவார்கள்: இதில் மாமரம் நின்றது, இதில் பங்கர் வெட்டினோம், இதுதான் பழைய கிணற்றடி. ஒரே இடத்தில் பல காலங்களைப் பார்க்கும் பயிற்சி வன்னியில் பிறந்தவர்களுக்கு இயல்பாகவே இருக்கிறது. கோரோகோவாவில் என் மாணவன் ஒருவன் திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் தாயார், "அந்தக் கதவைத் தூக்கி இந்த உடைந்த சுவரில் வைத்துப் பார், தம்பி" என்றார். சரியாக இருந்தது. அவர் அதற்கு முன் எந்த வீடியோ விளையாட்டையும் தொட்டதில்லை.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதையே புதிராக்கிய இன்னொரு விளையாட்டு 'வெண்பா'. கனடாவின் டொரொன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர். அவள் தன் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறாள், ஆனால் பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் இருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும், புட்டுக் குழலில் எது முதலில் எது பிறகு என்று, இருக்கிற வரிகளை வைத்து இல்லாத வரிகளை நாம் ஊகிக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெருவிருதையும், பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது. இந்தியத் தமிழ்க் குடும்பத்தின் கதைதான். ஆனாலும் இடப்பெயர்வில் படமும் பத்திரமும் கையெழுத்துக் கொப்பியும் தொலைத்த வீடுகளில் இதை விளையாடும்போது பாதி நேரம் திரையில் கழியாது. அம்மம்மா இதை எப்படிச் செய்தார் என்று குசினியில் விவாதம் தொடங்கிவிடும்.

'பிரதர்ஸ்' பற்றி ஓரிரு வரிகள் மட்டும், ஏனென்றால் அதை விளக்கினால் கெட்டுவிடும். 2013இல் வந்தது. இயக்கிய ஜோசப் ஃபாரெஸ், லெபனான் உள்நாட்டுப் போரில் இருந்து சிறு வயதில் குடும்பத்தோடு தப்பி சுவீடன் போனவர். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகும் அண்ணனும் தம்பியும். இடக்கை அண்ணனை நடத்துகிறது, வலக்கை தம்பியை. மூன்று மணித்தியாலத்தில் உங்கள் கைகள் அதற்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை வைத்தே கடைசியில் அவர் ஒன்று செய்கிறார். கதை வசனத்தில் நடக்காமல் கைவிரலில் நடக்கும் இடம் அது. முடிவை யாரிடமும் கேட்காதீர்கள், காணொளியிலும் பார்க்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்றால், கைபேசியில் மொனுமென்ட் வேலி. பிடித்துவிட்டால் மஷினேரியம், பிறகு கோரோகோவா. இவை மூன்றும் அண்ட்ராய்டில் ஓடும். காசு செலவழிக்க விருப்பமில்லாவிட்டால் ஆம்ஸ்டர்டாமின் ரஸ்டி லேக் 2015இல் வெளியிடத் தொடங்கிய 'கியூப் எஸ்கேப்' வரிசை பெரும்பாலும் இலவசம். ஒரு அறை, சில இழுப்பறைகள், ஒரு மர்மம். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும். சில காட்சிகள் கொஞ்சம் கோரமானவை, சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். கையால் தொட்டுத் திறக்கும் பெட்டிகளில் ஆசை இருந்தால் 2012இல் வந்த 'த ரூம்'. வெண்பாவையும் பிரதர்ஸையும் கணினியில் விளையாடலாம்; பிரதர்ஸுக்கு இரு கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் நல்லது.

தரவிறக்கிய பிறகு இவற்றுக்குப் பெரும்பாலும் இணையம் வேண்டியதில்லை. டேட்டா முடிந்தாலும் ஓடும், ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் போனாலும் ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்தார்களே, அந்த நாட்களில் பகலில் கைபேசியை ஏற்றி வைத்துக்கொண்டு இரவில் விளையாடியவர்கள் பலர். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே: இயர்போன் போடுங்கள். ஒலியை அடைத்துவிட்டு, பஸ்சில் நெரிபட்டுக்கொண்டு, நடுநடுவே செய்தி பார்த்துக்கொண்டு விளையாடினால் மிஞ்சுவது வெறும் புதிர். சினிமாவைப் பார்ப்பதுபோல ஒரே இருப்பில் முடித்துவிடப் பாருங்கள்.

மாட்டிக்கொண்டால் உடனே யூடியூப்பில் விடை தேடுகிற வழக்கம் பரவியிருக்கிறது. அது வேண்டாம். மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள், சைக்கிளில் கடைக்குப் போய்வாருங்கள். மனம் தன் பாட்டில் அதை உருட்டிக்கொண்டிருக்கும். விடை பெரும்பாலும் திரைக்கு வெளியே நிற்கும்போதுதான் வரும். அப்படி வந்த விடையைச் சரிபார்க்க ஓடிவந்து கைபேசியை எடுக்கும் அந்தச் சில நொடிகள் இந்த விளையாட்டுகள் தரும் பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று. அதைக் காணொளிக்குத் தாரை வார்த்துவிடாதீர்கள்.

நீங்கள் படிப்பது கணினித் துறையாக இருந்தால் இன்னொன்றையும் சொல்கிறேன், கேளுங்கள். இந்த வகை விளையாட்டு ஒருவரோ சிலரோ சேர்ந்து செய்து முடிக்கக்கூடியது. வன்னியில் அதற்கான பொருள் நிறைய இருக்கிறது. குளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வவுனியாப் பக்கம் சிறு குளங்கள் சங்கிலித் தொடராக அமைந்திருக்கின்றன. மேற்குளம் நிறைந்து வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்கு. ஒரு வயலின் கழிவு நீர் அடுத்த குளத்தின் வரவு. நீரைத் திறந்துவிடும் மதகை, நம் பேச்சில் துருசை, ஒன்று திறந்தால் ஒரு வயல் விளையும், இன்னொன்று காயும், மாரியில் தவறான நேரத்தில் மூடிவைத்தால் கட்டு உடையும். கனகராயன் ஆறு இரணைமடுவில் வந்து சேர்வதையும், 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறந்ததையும் கண்டவர்களுக்கு இதன் தர்க்கம் விளக்காமலே புரியும். காலபோகத்தில் ஒரு விடை, சிறுபோகத்தில் வேறு விடை. சொல் ஒன்றும் எழுதாமல், நீரின் ஓட்டத்தை மட்டும் காட்டி, இதை ஒரு மணித்தியால விளையாட்டாக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாலை மரமும் முதிரையும் வீரையும் நிற்கும் காட்டுக்கரை, பறவைகள், குளக்கட்டில் போகும் சைக்கிள், மழைக்கு முந்திய அந்தச் சாம்பல் வெளிச்சம்: சூழலுக்காக நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை.

கருவியும் தடையில்லை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம், திறந்த மூலம். சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். 2023 மார்ச்சில் வந்த அதன் நான்காம் பதிப்பில் இருந்து, முன்பு உடைந்து சிதறிய தமிழ் எழுத்துகளும் ஒழுங்காகச் சேர்ந்து தெரிகின்றன. முதலில் ஒரே ஒரு திரை செய்யுங்கள்: ஒரு குளம், இரண்டு துருசு, மூன்று வயல். வண்ணமும் ஒலியும் பிறகு பார்க்கலாம். அதை விளையாட்டுப் பழக்கமே இல்லாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் இருங்கள். "இதில் என்ன செய்ய வேண்டும்?" என்று அவர் கேட்டால் பதில் சொல்லாதீர்கள், அவர் அந்த நேரத்தில் திரையின் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அறிவுறுத்தல் வரி எழுதிச் சேர்ப்பது சுலபம், ஆனால் அது தோல்வியை மூடி மறைப்பதாகும். அவர் பார்த்த இடத்துக்கும் பார்க்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் படத்தை மாற்றியே குறையுங்கள்: துருசின் நிறத்தை மாற்றுங்கள், நீர் ஓடும் சத்தத்தைக் கூட்டுங்கள், தேவையில்லாத மரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு இன்னொருவரிடம் கொடுங்கள்.